ஒரு காம்பில் மூணு இலை, பூ காய் இல்லை: இது வில்வமா?

சிறுமலை அடிவாரம், ஓடைக்கரை. மரம் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். பூவும் இல்லை, காயும் இல்லை. ஒரு காம்பில் மூன்று இலை. ஊர்க்காரர்கள் வில்வம் என்கிறார்கள். கையில் இருப்பது ஓர் இலையின் படம்தான்.

•

ஒற்றை இலைப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாதுங்க. ஒரு சாண் நீளக் கொப்பு, கணு தெரிகிற மாதிரி எடுங்கள். இலையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் வேண்டும்.

காம்பு கொப்போடு சேரும் கக்கத்தில் மொட்டு இருந்தால் அதுவரைக்கும் ஒரே இலை. அந்த ஒரே இலையின் பிரிவுதான் சிற்றிலை, அதற்கு அடியில் மொட்டு இருக்காது. வேங்கையின் ஐந்தாறு சிற்றிலைகளைத் தனித்தனி இலையாக எண்ணித் தப்புவது இதைப் பார்க்காததால்தான்.

அடுத்து, இலைகள் எதிரெதிரா, மாறிமாறியா? எதிரெதிராக இருந்து, இரு காம்புக்கும் நடுவே சின்னச் செதிலும் இருந்தால் மஞ்சக்கடம்பு, நுணா பக்கம் தேடலாம். வெட்டிய அடிமரத்தில் துளிர்த்த இலை மட்டும் வேண்டாம். அளவு பெரிதாகி ஆளை ஏமாற்றிவிடும்.

•

மூன்று இலை, ஓடைக்கரை என்றதுமே எனக்கு மாவிலங்க மரத்தின் மேல்தான் சந்தேகம். இலையைச் சூரியனுக்கு நேராகப் பிடியுங்கள். வில்வம் என்றால் ஊசியால் குத்தின மாதிரி ஒளிப்புள்ளிகள் தெரியும், கசக்கினால் மணக்கும். மாவிலங்கத்தில் இரண்டும் கிடையாது.

நடு இலையையும் பாருங்கள். வில்வத்தில் அதற்கு மட்டும் தனியாக நீண்ட காம்பு. பக்கத்து இரண்டும் ஒட்டினாற்போல இருக்கும். மாவிலங்கத்தில் மூன்றுமே பொதுக்காம்பின் நுனியில் ஒட்டியிருக்கும், அந்தப் பொதுக்காம்பு நல்ல நீளம். முள் இல்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள், வில்வத்தில் எல்லாக் கொப்பிலும் முள் இருக்காது.

பலாசுக்கும் மூன்று இலைதான். ஆனால் அது தட்டு தைக்கிற அகலம், தோல் போலத் தடிப்பு. குழம்ப வழியில்லை.

•

கசக்கிப் பார்க்கச் சொல்வதற்கு முன் ஒன்று. இலை பெரிதாக, கொப்பு நுனியில் கொத்தாக, அடிப்பக்கம் சாம்பல் பூத்திருந்தால் கை வைக்காதீர்கள். சேங்கொட்டையாக இருக்கலாம், அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். கடலோரச் சதுப்பு என்றால் தில்லை, அந்தப் பால் கண்ணுக்கே ஆபத்து. தெரியாத இலையை நாக்கில் வைத்துப் பார்ப்பது அறவே வேண்டாம்.

தொட்டுத் தெரிவதும் உண்டு. தேக்கின் கொழுந்தைத் தேய்த்தால் விரல் சிவக்கும். பராய் இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும்.

•

பார்த்தாயிற்று. ஒளிப்புள்ளி இல்லை, மணம் இல்லை, மூன்றும் நுனியில் ஒட்டித்தான் இருக்கின்றன. பக்கத்து இரண்டும் அடியில் கோணலாக இருக்கின்றன.

•

மாவிலங்கமேதான். காயவைத்து மாதிரியாக எடுத்துவைக்க, ஒரு கொப்பைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். தாளைத் தினமும் மாற்றணும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். பூக்கும்போது இன்னொரு படம் போடுங்கள். வெள்ளையாக விரிந்து மஞ்சளாக மாறும்.