பழைய பிஎஸ்3-அ கம்ப்யூட்டரா மாத்தணும், லினக்ஸ் போட வழி இருக்கா?

புதுக்கோடர்:

எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். மாமா வீட்ல சும்மா கிடந்த பிஎஸ்3-அ, அதான் சோனியோட ப்ளேஸ்டேஷன் 3 கேம் பொட்டிய, எனக்குக் குடுத்துட்டாரு, பழைய குண்டு மாடல், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணிப் பாத்தேன், நல்லா ஓடுது. கேம் ஆட எனக்கு இஷ்டம் இல்ல. இத ஒரு முழு கம்ப்யூட்டரா மாத்தி அதுல கோடிங் பண்ணணும்னு ரொம்ப ஆசையா இருக்கு, ஏன்னா எனக்கு சொந்தமா லேப்டாப் கிடையாது, காலேஜ் லேப்ப சாயங்காலமே பூட்டிடுறாங்க.

ஒரு காலத்துல இதுல லினக்ஸ் போட செட்டிங்ஸ்லயே ஆப்ஷன் இருந்துச்சுன்னு படிச்சேன். என்கிட்ட இருக்கறதுல மெனு பூரா தேடிட்டேன், அப்படி ஒண்ணு இல்ல. சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல ஃபர்ம்வேர் (பொட்டிய ஓட்டற உள் சாஃப்ட்வேர்) 4-ல ஆரம்பிக்கிற நம்பர் காட்டுது. பிராசஸர் 3.2 கிகாஹெர்ட்ஸ், எட்டு கோர்னு போட்டிருக்காங்க, அப்டின்னா லேப்ல இருக்கற மெஷின விட இது வேகமாதானே இருக்கணும்? பைத்தான், சி, ப்ரவுசர், ஆன்லைன் கிளாஸ் இதெல்லாம் ஓடினா போதும். ராம் எக்ஸ்ட்ரா போட முடியுமா? விண்டோஸ் போகுமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க, வன்பொருள் பக்கம் நான் புதுசு.

பழைய_சர்க்யூட்:

தம்பி, நீ தேடுற அந்த மெனு உண்மையிலயே இருந்துச்சு. அதோட பேரு அதர்ஓஎஸ். 2006 நவம்பர்ல பிஎஸ்3 வந்தப்பவே சோனி அத வச்சுதான் வித்தாங்க, ஹார்ட் டிஸ்க்ல ஒரு பகுதிய ஒதுக்கி யெல்லோ டாக் மாதிரி லினக்ஸ் போட்டுக்கலாம், யாரும் எதையும் உடைக்க வேண்டியதில்ல. 2009-ல ஸ்லிம் மாடல் வந்தப்ப அதுல இந்த வசதி இல்ல. அடுத்து 2010 ஜனவரில ஜார்ஜ் ஹாட்ஸ்னு ஒரு பையன், அதே அதர்ஓஎஸ் வழியா உள்ள போயி ஹைப்பர்வைசர, அதாவது லினக்ஸ் எதத் தொடலாம்னு காவல் காக்கற அடித்தள சாஃப்ட்வேர, உடைச்சேன்னு சொன்னான். பாதுகாப்புக் காரணம்னு சொல்லி 2010 ஏப்ரல் 1-ம் தேதி 3.21 அப்டேட்ல பழைய குண்டு மாடல்லேர்ந்தும் அத எடுத்துட்டாங்க. அப்டேட் போடலன்னா ஆன்லைன் கிடையாது, போட்டா லினக்ஸ் கிடையாது. காசு குடுத்து வாங்கினவங்க வீட்ல இருந்த ஒரு வசதிய பிறகு வந்து புடுங்கறது எப்படி நியாயம்னு எனக்கு இன்னைக்கும் புரியல. அமெரிக்கால கேஸ் போட்டு, வருஷக்கணக்கா இழுத்து, கடைசில செட்டில்மென்ட்ல முடிஞ்சுது.

உன்கிட்ட குண்டு மாடல் இருக்கறது நல்ல விஷயம். எல்லா குண்டு மாடல்லயும் கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது வெளியாட்கள் திருத்தின ஃபர்ம்வேர், போடலாம். பின்னாடி வந்த 3000 சீரிஸ் ஸ்லிம், சூப்பர் ஸ்லிம்ல அது நடக்காது. அதுக்கான கதவு தொறந்தது 2010 டிசம்பர்ல. ஃபெயில்ஓவர்ஃப்ளோனு ஒரு டீம் ஜெர்மனில ஒரு மாநாட்டுல காட்டினாங்க, சோனி தன் சாஃப்ட்வேர்ல போடற டிஜிட்டல் கையெழுத்து ஒவ்வொண்ணுக்கும் புதுசா ஒரு ரேண்டம் நம்பர் எடுக்க வேண்டிய இடத்துல சோனி ஒரே நம்பர திரும்பத் திரும்ப போட்டு வச்சிருக்காங்க, அதனால ரெண்டு கையெழுத்து கையில இருந்தா சாதாரண கணக்கு போட்டே பிரைவேட் கீய (அந்தக் கையெழுத்தப் போடற ரகசிய சாவிய) எடுத்துடலாம்னு. கிரிப்டோகிராஃபி பேப்பர் படிக்கறப்ப இசிடிஎஸ்ஏ-னு இந்தக் கையெழுத்து முறை வரும் பாரு, அப்ப இத ஞாபகம் வச்சுக்கோ, இதவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டதும், அதர்ஓஎஸ் ப்ளஸ் ப்ளஸ்னு வசதி இருக்கற ஃபர்ம்வேரா பாத்து எடுத்தா, பெட்டிட்பூட்னு ஒரு பூட்லோடர (ஆன் பண்ணதும் லினக்ஸ ஏத்தி விடற சின்ன ப்ரோக்ராம்) உள்ள இருக்கற ஃப்ளாஷ் மெமரில எழுதிக்கலாம், அங்கேர்ந்து யூஎஸ்பி வழியா லினக்ஸ் ஏத்தலாம். ரெண்டு எச்சரிக்கை. ஃப்ளாஷ்ல எழுதறதுக்கு முன்னாடி இருக்கறத அப்படியே டம்ப் (முழு காப்பி) எடுத்து வேற ரெண்டு இடத்துல வச்சுக்கோ. எழுதிட்டிருக்கறப்ப கரண்ட் போனா செட்டு செங்கல்தான், திரும்ப ஆன் ஆகாது, யூபிஎஸ் இல்லாம கை வைக்காத. ஹார்ட் டிஸ்க்க பிரிக்கறப்ப ஃபார்மட் ஆகும், மாமாவோட சேவ் கேம் ஏதாவது வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுடு.

மெமரிமணி:

மேல சர்க்யூட் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா பையன் கேட்ட முக்கியமான கேள்விக்கு பதில் வரல. ப்ரவுசர், ஆன்லைன் கிளாஸ் ஓடுமா? ஓடாது. இத இப்பவே சொல்லிடறதுதான் அவனுக்கு நல்லது.

பிஎஸ்3-ல மெயின் ராம் 256 எம்பி. ஜிபி இல்ல, எம்பி. அதுலயும் ஹைப்பர்வைசர் கொஞ்சம் எடுத்துக்கும். வீடியோவுக்குன்னு தனியா இன்னொரு 256 எம்பி இருக்கு, ஆனா லினக்ஸ்லேர்ந்து கிராபிக்ஸ் சிப்ப நேரா தொட ஹைப்பர்வைசர் விடாது, வெறும் ஃப்ரேம்பஃபர் (ஸ்க்ரீன்ல தெரியற படத்த வைக்கற இடம்) மட்டும்தான், அதனால 3டி ஆக்சிலரேஷன்லாம் மறந்துடு. அந்த வீடியோ மெமரிய ஸ்வாப்பா (ராம் பத்தாதப்ப உதவற இடமா) யூஸ் பண்ண பிஎஸ்3விராம்னு ஒரு டிரைவர் கெர்னல்லயே இருக்கு, ஹார்ட் டிஸ்க்ல ஸ்வாப் வைக்கறதுக்கு இது எவ்வளவோ மேல், ஆனா அதையும் சேத்துக்கூட இன்னைக்கு ப்ரவுசர்ல நாலு டேப் தாங்காது. ராம் எல்லாம் போர்டுலயே சால்டர் பண்ணது, எக்ஸ்ட்ரா போட ஸ்லாட் கிடையாது. ஹார்ட் டிஸ்க் மட்டும் சாதாரண லேப்டாப் சைஸ் சாட்டா, அத எஸ்எஸ்டியா மாத்திக்கலாம்.

அடுத்தது ஆர்க்கிடெக்சர். இது இன்டெல், ஏஎம்டி ஜாதி இல்ல, பவர்பிசி. விண்டோஸ் வராது. நெட்ல டவுன்லோட் பண்ற ரெடிமேட் சாஃப்ட்வேர் எதுவுமே ஓடாது, சோர்ஸ் கோட் இருந்தா நீயே கம்பைல் பண்ணிக்கணும். டெபியன்ங்கற லினக்ஸ்கூட 2017-ல 9-ம் வெர்ஷன் விட்டப்ப பவர்பிசிய அதிகாரப்பூர்வ லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க. எட்டு கோர்ங்கறதும் நீ நினைக்கிற மாதிரி எட்டு கோர் இல்ல. சாதாரண ப்ரோக்ராம் ஓடக்கூடிய கோர் ஒண்ணே ஒண்ணுதான், அதுல ரெண்டு த்ரெட். அதுவும் வரிசைப்படிதான் இன்ஸ்ட்ரக்ஷன ஓட்டும், முன்ன பின்ன மாத்தி ஓட்டத் தெரியாது, அதனால 3.2-னு நம்பர் பெருசா தெரிஞ்சாலும் லேப் மெஷின் இத தூக்கி சாப்ட்ரும்.

கடைசியா கரண்ட். முதல்ல வந்த குண்டு மாடல் லோடுல 200 வாட் பக்கம் இழுக்கும். ஒரு ராஸ்பெரி பை 10 வாட்டுக்குள்ள முடிச்சுடும், ராமும் இதவிட பல மடங்கு. தினசரி வேலைக்கு யாராவது தூக்கிப் போடற பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பப் பாரு ப்ரோ.

புதுக்கோடர்:

ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். படிச்சதும் கொஞ்சம் மனசு ஒடஞ்சு போச்சு, ஆனா தெரிஞ்சுக்கிட்டது நல்லதுதான். ஒண்ணு மட்டும் புரியல. இவ்வளவு மோசமான கம்ப்யூட்டர்னா அமெரிக்க விமானப் படை எதுக்கு ஆயிரக்கணக்குல பிஎஸ்3 வாங்கி சூப்பர் கம்ப்யூட்டர் கட்டினாங்க? அது வதந்தியா?

இன்னொண்ணு, ஃப்ரெண்டு ஒருத்தன் பிஎஸ்4 விக்கறான். அது பிசி மாதிரியே ஏஎம்டி சிப்புதானே, அது இதவிட சுலபமா இருக்குமா?

கெர்னல்_கயல்:

வதந்தி இல்ல தம்பி. விமானப் படையோட ஆராய்ச்சிக் கூடம் 2010-ல கட்டினது, காண்டார் கிளஸ்டர்னு பேரு, 1,700-க்கும் மேல பிஎஸ்3. அதுக்கு முன்னாடியே 2007-ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட டார்ட்மத் வளாகத்துல கௌரவ் கன்னாங்கற இயற்பியல் பேராசிரியர் பிஎஸ்3-ங்கள ஒண்ணா சேத்துக் கட்டி கருந்துளை கணக்கு போட்டாரு. 2008-ல ஒரு ஆராய்ச்சிக் குழு 200 பிஎஸ்3 வச்சு எம்டி5 ஹேஷ்ல மோதல் (ரெண்டு வேற டேட்டாவுக்கு ஒரே ஹேஷ் வர்றது) கண்டுபிடிச்சு, வெப்சைட்டுங்களுக்கு சான்று குடுக்கற சர்ட்டிஃபிகேட் அத்தாரிட்டி ஒண்ண போலியாவே உருவாக்கிக் காட்டினாங்க. இவங்கல்லாம் ப்ரவுசர் தொறக்க அத வாங்கல. மணி எண்ணாம விட்ட மத்த ஏழு கோருக்காக வாங்கினாங்க.

அந்த சிப்போட பேரு செல். சோனி, டோஷிபா, ஐபிஎம் மூணு பேரும் சேந்து பண்ணது. ஒரு சாதாரண கோர், அது போக எஸ்பிஇ-னு எட்டு சின்ன கோர். ஃபாக்டரில நல்ல சிப்பு நிறைய தேறணும்னு எட்டுல ஒண்ண மூடி வச்சுதான் பிஎஸ்3-ல போட்டாங்க, இன்னொண்ண சிஸ்டம் தனக்கு வச்சுக்கும், லினக்ஸ்ல உனக்குக் கிடைக்கறது ஆறு. ஒவ்வொண்ணும் சிங்கிள் ப்ரிசிஷன்ல (32 பிட் தசம எண்) 25.6 கிகாஃப்ளாப்ஸ், அதாவது செகண்டுக்கு 2,560 கோடி கணக்கு வரைக்கும் போகும், ஆறும் சேந்தா 153-க்கு மேல. 2006-ல வீட்ல வைக்கற ஒரு பொட்டிக்கு அது அசாத்தியமான வேகம்.

ஆனா அந்த வேகம் சும்மா வராது. எஸ்பிஇ-க்கு கேஷ் (அடிக்கடி வேணுங்கற டேட்டாவ தானா பக்கத்துல வச்சுக்கற மெமரி) கிடையாது. மெயின் மெமரிய நேரா படிக்கவும் முடியாது. ஒவ்வொண்ணுக்கும் 256 கேபி லோக்கல் மெமரி, கோடு, டேட்டா, ஸ்டாக் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். வேணுங்கற டேட்டாவ நீயே டிஎம்ஏ (மெமரிக்கு மெமரி டேட்டா மாத்தற வழி) போட்டு கொண்டு வரணும், முடிச்சதும் நீயே திருப்பி அனுப்பணும். சின்ன அடுப்படி மேடையில கல்யாண சமையல் பண்ற மாதிரி, அடுத்து என்ன வேணும்னு முன்னாடியே யோசிச்சு எடுத்து வச்சாதான் கை நிக்காம ஓடும். சாதாரண பிசில கேஷ் இத உனக்குத் தெரியாமலே பண்ணிடும், அதனால வருஷக்கணக்கா கோடு எழுதறவங்களுக்குக்கூட மெமரி எங்க இருக்கு, எவ்வளவு தூரத்துல இருக்குன்னு உறைக்கறதே இல்ல. இதுல ஒரு ப்ரோக்ராம் எழுதிப் பாத்தா உறைச்சுடும். ஜிபியு ப்ரோக்ராமிங்ல ஷேர்டு மெமரினு பின்னாடி படிப்ப, அதுவும் இதே சிந்தனைதான்.

அதனால நான் சொல்றது என்னன்னா, இத லேப்டாப்புக்கு பதிலா நினைக்காத, ப்ராஜெக்ட்டா நினை. அந்த ஆறு கோர வேலை வாங்கத் தெரிஞ்சுதுன்னா அது உன் கூட வர்ற படிப்பு.

பழைய_சர்க்யூட்:

பிஎஸ்4 பத்தி நான் சொல்றேன். சிப்பு ஏஎம்டி ஜாகுவார், எட்டு கோர், 8 ஜிபி மெமரி, பேப்பர்ல பாத்தா பிசியேதான். ஆனா உள்ள அது பிசி இல்ல. பிசில பயாஸ்லேர்ந்து டைமர் வரைக்கும் லினக்ஸ் எதிர்பாக்கற பழைய சாமான் எல்லாம் இருக்கும், பிஎஸ்4-ல அது பாதி கிடையாது, டிஸ்க், யூஎஸ்பி மாதிரி சாமான இணைக்கற சவுத்பிரிட்ஜ்ங்கற சிப்பு, அதுவும் சோனியோட தனி சிப்புதான், எல்லாத்தையும் பாத்துக்குது. அதே ஃபெயில்ஓவர்ஃப்ளோ டீம்தான் 2015 டிசம்பர்ல அதுல லினக்ஸ் ஓட்டிக் காட்டினாங்க, கெர்னல நிறைய இடத்துல திருத்திதான் அது ஓடுச்சு. அது போக எல்லாம் ஃபர்ம்வேர் நம்பரப் பொறுத்தது, 9.00, 11.00-னு சில வெர்ஷனுக்குத்தான் வழி தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்றப்பவும் திரும்ப உடைச்சு உள்ள போகணும். ஃப்ரெண்டு பிஎஸ்4-அ அப்டேட் பண்ணி வச்சிருந்தான்னா வாங்கி என்ன பண்ணுவ? நம்பர் தெரியாம கை வைக்காத.

ஒரு விஷயம் சேத்துக்கறேன், இந்தப் பையனுக்கு இது தெரியணும். முதல் எக்ஸ்பாக்ஸ் 2001-ல வந்துச்சு. 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் சிப்பு, 64 எம்பி ராம், ஹார்ட் டிஸ்க், ஏறக்குறைய பிசிதான், ஆனா பூட்டி வச்சிருந்தாங்க. சாவி சவுத்பிரிட்ஜ் சிப்புக்குள்ள 512 பைட் ரகசிய ரோம்ல இருந்துச்சு. அத எடுத்தது ஆண்ட்ரூ ஹுவாங், பன்னினு சொல்லுவாங்க, அப்ப எம்ஐடில முனைவர் பட்ட மாணவர். சிப்ப உடைக்கல. சிப்புக்கும் சிப்புக்கும் நடுவுல ஓடற ஹைப்பர்டிரான்ஸ்போர்ட் லைன்ல கம்பி வச்சு, போற டேட்டாவ ஒட்டுக் கேட்டு எடுத்தாரு. பிறகு அந்தப் பொட்டில லினக்ஸ் ஓடுச்சு. இன்னைக்கு டிவி பொட்டில எல்லாம் ஓடற, வீடியோ பாக்கற கோடி (Kodi)-ங்கற சாஃப்ட்வேர்கூட எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர்னு அந்தப் பொட்டிக்காக ஆரம்பிச்சதுதான்.

மெமரிமணி:

கயல் சொன்னத நான் ஏத்துக்கறேன், ப்ராஜெக்ட்னா இது அருமையான பொட்டி. ஆனா ஒரு விஷயம் சொல்லாம விட முடியாது. குண்டு மாடல் சூடாகியே செத்துப்போற ஜாதி, மஞ்ச லைட் எரிஞ்சு அணைஞ்சுதுன்னா அவ்ளோதான். ஆறு எஸ்பிஇ-யையும் மணிக்கணக்கா முழு லோடுல ஓட்டப் போறன்னா முதல்ல தெரிஞ்சவங்கள வச்சு உள்ள தூசி எடுத்து தெர்மல் பேஸ்ட் மாத்து. டிவி ஸ்டாண்டுக்குள்ள வச்சு ஓட்டாத.

புதுக்கோடர்:

இப்ப தெளிவாயிடுச்சு. பிஎஸ்4 வேணாம். தினசரி வேலைக்கு பழைய டெஸ்க்டாப் தேடறேன், பிஎஸ்3-ல எஸ்பிஇ ப்ராஜெக்ட் பண்றேன். மேட்ரிக்ஸ் மல்டிப்ளிகேஷன் எடுக்கலாம்னு இருக்கேன், சரியா வருமா கயல் அக்கா? எங்க ஆரம்பிக்கறது?

கெர்னல்_கயல்:

சரியா வரும், ரொம்ப நல்லாவே பொருந்தும். ஒரு தடவை டிஎம்ஏ-ல அதிகபட்சம் 16 கேபி கொண்டு வரலாம். 64-க்கு 64 ஃப்ளோட் மேட்ரிக்ஸ் கணக்கு போட்டுப் பாரு, நாலு பைட்டால பெருக்கினா சரியா 16 கேபி. அதனால பெரிய மேட்ரிக்ஸ 64-க்கு 64 துண்டா வெட்டு. ஏ, பி, சி மூணு துண்டுக்கு 48 கேபி. ஒண்ண கணக்கு போட்டுட்டிருக்கறப்பவே அடுத்த ஏ, பி துண்ட கொண்டு வர இன்னொரு 32 கேபி ஒதுக்கு. மொத்தம் 80, 256-ல தாராளமா அடங்கும்.

டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) புதுசா தேடாத. ஜிசிசி கம்பைலரோட பத்தாவது வெர்ஷன்லேர்ந்து எஸ்பிஇ-க்கு கம்பைல் பண்ற வசதியையே எடுத்துட்டாங்க, அதனால ரெட் ரிப்பன் மாதிரி பிஎஸ்3-க்குன்னே பண்ண பழைய லினக்ஸ் எடு, கூட லிப்எஸ்பிஇ2 லைப்ரரி வேணும். டெஸ்க்டாப் ஸ்க்ரீன் எல்லாம் ஏத்தாம வெறும் டெர்மினல்ல வச்சுக்கோ, நெட்வொர்க் வழியா எஸ்எஸ்ஹெச் போட்டு உள்ள போ, ராம் மிச்சமாகும். பழைய லினக்ஸ்ங்கறதால வீட்டு நெட்வொர்க்குக்குள்ளயே இருக்கட்டும், வெளில தொறந்து விடாத.

முதல்ல எஸ்பிஇ தொடாம சாதாரண கோர்ல மட்டும் ஓட்டி நேரம் குறிச்சு வை. அடுத்தது ஒரே ஒரு எஸ்பிஇ, ரெட்டை பஃபர் (மேல சொன்ன இன்னொரு 32 கேபி ஒதுக்கற வித்தை) இல்லாம. அது சரியான விடை குடுத்த பிறகுதான் ரெட்டை பஃபர், அதுக்கப்புறம் ஆறு. டேட்டாவ 128 பைட் எல்லைல அலைன் பண்ணு, அதாவது அதோட மெமரி முகவரி 128-ஆல வகுபடணும், 16 பைட்டுக்காவது அலைன் ஆகலன்னா டிஎம்ஏ பஸ் எரர் குடுக்கும், எங்கன்னு தேடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். லேப் மெஷின்ல பைனரியா எழுதின மேட்ரிக்ஸ் ஃபைல இங்க கொண்டு வந்து படிச்சா நம்பர் எல்லாம் கன்னாபின்னான்னு வரும், ஏன்னா இது பிக் எண்டியன், அது லிட்டில் எண்டியன், நம்பருக்குள்ள பைட் வரிசை தலைகீழா இருக்கும். டெஸ்ட் டேட்டாவ பிஎஸ்3-லயே ஜெனரேட் பண்ணிக்கோ, இல்ல டெக்ஸ்ட் ஃபைலா கொண்டு வா.