பெல்லட் ஸ்டவ் திருத்தத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ?

வணக்கம் உறவுகளே. இங்க ஒன்ராறியோவில பேஸ்மென்டுக்கு எண்டு பழைய பெல்லட் ஸ்டவ் (அழுத்தின மரத்தூள் உருண்டையளை எரிக்கிற அடுப்பு) ஒண்டு 200 டொலருக்கு வாங்கினன். எரிகிண்ணத்தில சாம்பல் கல்லாய் இறுகிக் கிடந்தது. சுரண்டி எடுத்து, புகைக்குழாயையும் பிரஷ் விட்டுத் துப்புரவாக்கியாச்சு.

இப்ப இக்னைட்டர் சிவக்குது, பெல்லட் விழுந்து நெருப்பும் நல்லாப் பிடிக்குது. கொஞ்ச நேரத்தில ஆகர் (பெல்லட்டைத் தள்ளிக் குடுக்கிற திருகு) நிண்டு, அடுப்பு அணைஞ்சு போகுது. ஆகர் மோட்டரில பிழை இல்லை: வேக்யூம் சுவிட்சின்ர (உள்ள காத்திழுவை குறைஞ்சால் ஆகரை நிப்பாட்டுற பாதுகாப்பு சுவிட்ச்) ரெண்டு வயரையும் சோதனைக்குச் சேர்த்துப் பிடிச்சால் திரும்பச் சுத்துது. (அப்பிடியே விட்டு எரிக்க மாட்டன், பயப்பிடாதேங்கோ. கார்பன் மொனொக்சைட் அலாரமும் பூட்டியிருக்கு.)

சுவிட்சுக்குப் போற ரப்பர் குழாயில கரி அடைச்சிருந்தது, எடுத்தும் மாற்றமில்லை. கதவுக்குள்ள பேப்பர் துண்டு வைச்சு மூடி இழுத்துப் பாத்தன், கீழ்ப்பக்கம் சும்மா வழுக்கிக்கொண்டு வருது, அங்க கதவு இறுக்கமில்லைப் போல. புகையை வெளிய தள்ளுற ஃபானும் கிரீச்செண்டு கத்துது. புது ஃபான் விலை அடுப்பு விலையை விடக் கூட!

முதல்ல கதவைச் சுத்தியிருக்கிற கேஸ்கட் கயிறை மட்டும் மாத்திப் பாக்கட்டோ? ஃபானில பெயரிங்கை மட்டும் மாத்தின ஆக்கள் இருந்தால், அது எவ்வளவு காலம் தாக்குப்பிடிச்சது எண்டும் சொல்லுங்கோ. இன்சூரன்ஸ்காரர் வெட் (WETT) இன்ஸ்பெக்சன், அதாவது விறகு அடுப்புப் பாதுகாப்புச் சோதனை, கேக்கினம், அதுக்கு முதல் முடிக்க வேணும்.