ஓஆர்எம்மா, நேரடி எஸ்க்யூஎல்லா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க
(டேட்டாபேஸ்கிட்ட பேசற மொழி எஸ்க்யூஎல். நாம எழுதற கோடுக்கு அதைத் தானே எழுதித் தர்றது ஓஆர்எம்: பைத்தான்ல ஜாங்கோவோடது, ஜாவால ஹைபர்னேட் மாதிரி.)

ஜாங்கோக்காரன்:
ஒரு மொத்த வியாபாரியோட பில்லிங் சாஃப்ட்வேர் எங்க கைக்கு வந்துச்சு. பில் பட்டியல் திறக்கவே ஆமை வேகம். சர்வரையே மாத்திடலாம்னு முதலாளி முடிவு பண்ணிட்டார். டேட்டாபேஸுக்குப் போற குவெரியையெல்லாம் காட்டற டிபக் டூல்பாரைப் போட்டுப் பார்த்தா பக்கத்துல 50 பில்; பில்லை எடுக்க ஒரு குவெரி, கஸ்டமர் பேரை எடுக்க 50 குவெரி. டெம்ப்ளேட்ல "பில்.கஸ்டமர்.நேம்"னு அப்பாவியா ஒரு புள்ளி. வரிக்கு வரி அது டேட்டாபேஸுக்கு ஓடிட்டு வருது. கஸ்டமரையும் சேர்த்தே எடுக்கச் சொல்ற செலக்ட் ரிலேட்டட் சேர்த்தேன், ரெண்டு டேபிளையும் இணைக்கற ஜாயின் போட்டு ஒரே குவெரியாயிடுச்சு. இதுக்குப் போய் ஓஆர்எம்மே வேண்டாம்னா எப்படி? அது என்ன எஸ்க்யூஎல் எழுதுதுன்னு எட்டிப் பார்க்காததுதான் வம்பு.

ரிப்போர்ட் ராணி:
பட்டியலுக்குச் சரிண்ணா. மாசக்கடைசி ரிப்போர்ட்டுக்கு? ஏரியா வாரியா அதிகம் வாங்கின மூணு கஸ்டமர் வேணும். எஸ்க்யூஎல்ல ஏரியாவுக்குள்ள வரிசை எண் கொடுக்கற ரோ நம்பர் போட்டா முடிஞ்சது. இந்த மாதிரி விண்டோ ஃபங்ஷன் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல 2009-ல வந்த 8.4-லேர்ந்தே இருக்கு. ஜாங்கோவுக்கு அது 2017-ல, 2.0-லதான் வந்துச்சு, அதுமேல ஃபில்டர் போட 2023-ல 4.2 வர வேண்டியிருந்தது. நான் நேரா எஸ்க்யூஎல்தான். ஆனா தேதி, ஏரியா எல்லாம் குவெரியோட ஒட்டாம தனியா, பாராமீட்டராத்தான் போகும். மதிப்பை பைத்தானோட எஃப்-ஸ்ட்ரிங்ல எழுத்தோட எழுத்தா ஒட்டின குவெரி வந்தா ரிவ்யூவே கிடையாது, திருப்பி அனுப்பிடுவோம்.

ஹைபர்னேட் தாத்தா:
ரெண்டையும் கலக்கறவங்க இதையும் கேட்டுக்கோங்க. எங்க குடோன் சாஃப்ட்வேர்ல நடந்தது. ஒரு சரக்கோட ரெக்கார்டு செஷன்ல, அதாவது ஹைபர்னேட் தன் நினைவுல வெச்சிருக்கற இடத்துல, ஏறியாச்சு, ஸ்டாக் 40. அதே டிரான்சாக்ஷன்ல இன்னொரு மெத்தட் நேட்டிவ் அப்டேட், அதாவது நேரடி எஸ்க்யூஎல், போட்டு 35 ஆக்குது. செஷன்ல இருக்கற ஆப்ஜெக்டுக்கு அது தெரியாது. அப்புறம் அதுல ரேக் நம்பரை மட்டும் மாத்தறாங்க. ஹைபர்னேட் வழக்கமா எல்லா ஃபீல்டையும்தானே எழுதும்? 40 திரும்ப வந்து உக்காந்துடுச்சு. நடுவுல யாராவது மாத்திட்டாங்களான்னு பார்க்கற வெர்ஷன் ஃபீல்டு இருந்தும் பிடிக்கலை, நேட்டிவ் அப்டேட் அதைத் தொடவே இல்லையே. எர்ரரும் இல்லை, லாக்லயும் ஒண்ணும் இல்லை. சரக்கை எண்ணினப்பதான் வெளிய வந்துச்சு. நேட்டிவ் போடறதுக்கு முன்னாடி ஃப்ளஷ் (செஷன்ல இருக்கற மாற்றத்தை டேட்டாபேஸுக்கு எழுதறது), போட்டதும் ரிஃப்ரெஷ் (டேட்டாபேஸ்லேர்ந்து திரும்பப் படிக்கறது). இதைப் பழக்கமாவே வெச்சுக்கோங்க.

ரிப்போர்ட் ராணி:
ஐயோ சார், ஜாங்கோலயும் சேவ் பண்ணா எல்லா ஃபீல்டும் போகுமே?

ஜாங்கோக்காரன்:
போகும்மா. அப்டேட் ஃபீல்ட்ஸ்ல பேரைக் கொடுத்தா அது மட்டும் போகும். ஸ்டாக்கைக் கழிக்க எஃப் எக்ஸ்பிரஷன் போடு. கழித்தலை டேட்டாபேஸே பண்ணிக்கும்.