பொருள்: ‘ஆன்டிபயாடிக்’ – தமிழில் எப்படி எழுதுவது? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

குழுவினருக்கு வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒட்டுவதற்கான சுவரொட்டி ஒன்று வெள்ளிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போகிறது. சளி, மூக்கொழுகல், பெரும்பாலான தொண்டைவலி எல்லாம் வைரஸால் வருபவை, அவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

அகராதியைப் பார்த்து ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்று எழுதினேன். அடுத்த வரியிலேயே ‘வைரஸ் என்னும் நுண்ணுயிர்’ வந்து நிற்கிறது. நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து இந்த நுண்ணுயிரை மட்டும் ஏன் கொல்லாது என்று படிப்பவர் கேட்டால் பதில் இல்லை. ‘நோய் எதிர்ப்பு மருந்து’ என்று சிலர் எழுதுவது இன்னும் ஆபத்து. என் பக்கத்து வீட்டுப் பெண் அதை நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மருந்து என்றே நம்பி, மழைக்காலம் தொடங்கியதும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தார். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

தமிழாசிரியர், கும்பகோணம்:

சொல் நம்மிடம் இருக்கிறது. நஞ்சை மாற்றும் மருந்தை ‘நச்சுமுறி’ என்கிறோம். அதே வழியில் ‘நுண்மமுறி’ என்று ஆக்கலாம். ‘முறி’ என்பது முதனிலைத் தொழிற்பெயர், அதாவது வினையடியே பெயராக நிற்பது, இங்கே மருந்துக்கு ஆகி வந்திருக்கிறது. முறிதல் தானே ஒடிவது, முறித்தல் ஒடிப்பது. ஒரே அடி இரண்டுக்கும் நிற்பது தமிழின் சிக்கனம். முறி என்றால் தளிர் என்றும் பொருள் உண்டு. கிள்ளினால் முறிவதால் தளிர் முறியாயிற்று என்பது என் எண்ணம். எழுதிய ஓலை நறுக்கும் முறிதான். அதுவும் முறித்தெடுத்த ஓலைத் துண்டு என்பதால் வந்திருக்க வேண்டும்.

கையோடு ‘வைரஸ்’ என்பதையும் மாற்றிவிடுங்கள். இலத்தீனில் அதற்கு நஞ்சு என்றே பொருள். ‘நச்சுயிரி’ இருக்கும்போது கிரந்த எழுத்து எதற்கு? வடசொல்லையே வடவெழுத்தை நீக்கித்தான் ஏற்கச் சொன்னது தொல்காப்பியம்.

குழந்தை மருத்துவர், திருநெல்வேலி:

ஐயா, ‘முறி’ எனக்குப் பிடித்திருக்கிறது. என் காரணம் வேறு. ‘கொல்லி’ பாதி உண்மைதான். அமாக்சிசிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் செய்து அதைக் கொல்கிறது. எரித்ரோமைசின் பெரும்பாலும் கொல்வதில்லை. புரதம் செய்யும் வேலையை நிறுத்திப் பெருக்கத்தை அடக்குகிறது, மீதியை உடல் பார்த்துக்கொள்கிறது. ‘முறி’ இரண்டுக்கும் பொருந்தும். வைரஸுக்கோ செல்சுவரும் கிடையாது, புரதம் செய்யும் சொந்தப் பட்டறையும் கிடையாது. அது நம் செல்லின் பட்டறையில் புகுந்து வேலை வாங்குகிறது. இந்த மருந்துகள் முறிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஆனால் ‘நுண்மம்’ வேண்டாம். அதுவும் நுண்ணுயிர்தான். பழைய குழப்பம் திரும்ப வரும். ‘பாக்டீரியமுறி’ என்றால் மருந்தின் எல்லை பெயரிலேயே தெரியும்.

இன்னொன்று. சுவரொட்டி எல்லா இருமலையும் வைரஸ் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கக்குவான் இருமல் பாக்டீரியாவால் வருவது. 1906-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் போர்டேயும் ஜாங்குவும் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். தொண்டை அடைப்பானும் பாக்டீரியாதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைவலியைக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடுகிறது. நிமோனியாவோ இரண்டு வகையாலும் வரும். தாய்க்குத் தெரிய வேண்டியது மூச்சை எண்ணுவது. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40, அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே மருத்துவமனை. தயவுசெய்து இதற்கு இடம் விடுங்கள்.

உயிரியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்:

வணக்கம். இங்கே ‘முறி’ என்றால் பிள்ளைகளுக்குத் திறைசேரி முறிதான் நினைவுக்கு வரும். கும்பகோணத்து ஐயா சொன்ன ஓலை நறுக்கு, கடன் பத்திரமாகி எங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘எதிருயிரி’ என்று யாராவது சொல்லுமுன் ஒரு எச்சரிக்கை: உடல் தானே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தை நாங்கள் ‘பிறபொருளெதிரி’ என்று பாடநூலில் பாவிக்கிறோம். இரண்டு எதிரிகளும் ஒரே வகுப்பில் மோதும்.

கக்குவானுக்கு எங்களிடம் ‘குக்கல்’ என்ற பெயரும் உண்டு. கக்குவான் கக்குதலிலிருந்து வந்திருக்க வேண்டும், இருமி முடிந்ததும் பிள்ளை வாந்தியெடுக்கிறதல்லவா? நிகண்டில் குக்கல் நாய்க்கும் பெயர். இருமலின் ஓசை நாயின் குரைப்பைப் போலிருந்ததால் வந்த பெயரோ என்று நெடுநாளாக எண்ணி வருகிறேன்.

தமிழாசிரியர், கும்பகோணம்:

குக்கு என்றாலே இருமுதல்தான். நாய்க்குப் பெயர் பிறகு வந்திருக்கலாம். பாருங்கள், காதால் கேட்டதை வைத்தே நம் முன்னோர் பெயரிட்டார்கள். ‘பாக்டீரியமுறி’யில் முன்பாதி கிரேக்கம், பின்பாதி தமிழ். இதை நான் ஏற்க மாட்டேன்.

குழந்தை மருத்துவர், திருநெல்வேலி:

காதால் கேட்டதை வைத்த பெயர் நிலைத்தது, காரணத்தை வைத்த பெயர் தவறியதும் உண்டு. 1892-இல் ஜெர்மன் ஆய்வாளர் ரிச்சர்ட் ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு அதுவே காரணம் என்றார். மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தது 1933-இல். அந்த பாக்டீரியாவோ இன்றும் ஃப்ளூவின் முழுப் பெயரைச் சுமந்து ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே’ என்றே அழைக்கப்படுகிறது. அதற்கு எதிரான மருந்து ஐந்து நோய்த் தடுப்பூசியில் சேர்ந்து, 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் வந்தபோது, ‘இது ஃப்ளூ ஊசியா’ என்று எத்தனை பெற்றோர் கேட்டார்கள்! ஒரு பெயரின் பிழையை நூறு ஆண்டு கழித்தும் விளக்கிக்கொண்டிருக்கிறோம்.

கிராம சுகாதாரச் செவிலியர், விழுப்புரம் மாவட்டம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘நச்சுயிரி’ வேண்டாம் ஐயா. ஒரு முறை கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சொன்னேன். ஓர் ஆயா எழுந்து, பிள்ளைக்கு யார் நஞ்சு வைத்தார்கள் என்று கேட்டார். வைரஸ் என்ற சொல் கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் ஆன்டிபயாடிக்குக்கு இரண்டு பெயர். குழந்தைகளுக்கு என்றால் ‘பொடி மருந்து’. பாட்டிலில் பொடியாக இருக்கும், கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்குவார்கள். பெரியவர்களுக்கு என்றால் ‘சிவப்புக் கோட்டு மாத்திரை’. அட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஓடுகிற கோடு. 2016-இல் அதைப் பற்றி அரசு பிரசாரம் செய்தது. சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. போன வாரம் ஒரு தாய் முந்தானையில் முடிந்திருந்த அட்டையை அவிழ்த்துக் காட்டினார். போன தடவை மிஞ்சிய மூன்று மாத்திரை. ‘இந்தச் சளிக்கும் இதையே கொடுக்கட்டுமா’ என்றார். அந்த அட்டையைப் படமாகப் போடுங்கள், பெயர் எதுவானாலும் புரிந்துகொள்வார்கள்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:

அனைவருக்கும் நன்றி. அட்டையின் படமும் பொடி பாட்டிலின் படமும் போகின்றன. தலைப்பில் ‘ஆன்டிபயாடிக்’, அதன் கீழே சிறிய எழுத்தில் ‘பாக்டீரியமுறி’. மூச்சு எண்ணும் முறைக்குச் சுவரொட்டியின் கீழ்ப் பாதி முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஒன்பது பேரில் ஆறு பேர் இதற்கு இசைந்தார்கள்.

தமிழாசிரியர், கும்பகோணம்:

அச்சுக்குப் போகட்டும், பிள்ளைகளின் உயிர் முக்கியம். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாக்டீரியாவுக்குத் தமிழ்ச் சொல் ஆக்காமல் முறியை மட்டும் தமிழில் வைத்தது அரை வேலை. பாக்டீரியா என்பதன் கிரேக்க வேருக்குச் சிறு கோல் என்று பொருள். ‘கோலுயிரி’ பற்றி நாளை தனி மடல் எழுதுகிறேன்.

உயிரியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்:

கொக்கசு எனப்படும் உருண்டையான பாக்டீரியாக்களை என்ன செய்வீர்கள் ஐயா? நிமோனியாவுக்குப் பெருங்காரணமான நியூமோகொக்கசு கோல் வடிவமே அன்று.