மாஸ் எஃபெக்ட் வீடியோ கேமின் மூன்று பாகங்கள்: கதைக்கு முதலாவது, சண்டைக்கு மூன்றாவது... அப்போ ரெண்டாவது எதுக்கு?

மாக்கோவாசி:
"ரெண்டாவது பாகம்தான் உச்சம்"னு எங்க பார்த்தாலும் எழுதி வச்சிருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. 2007ல வந்த முதல் பாகம், விண்வெளிக் கப்பல் தளபதி ஷெப்பர்டா நாம ஆடற ஒரு துப்பறியும் கதை மாதிரி ஓடும். சாரென்ங்கற ஏஜென்ட் துரோகின்னு நிரூபிக்க, பின்னால நம்ம கூட்டாளி ஆகற டாலிகிட்ட இருக்கிற ஒலிப்பதிவைப் பிடிக்கணும். அப்புறம் தெரம், நோவேரியா, ஃபெராஸ்னு கிரகம் கிரகமா நமக்குப் பிடிச்ச வரிசையில போய்த் துண்டு துண்டா சேர்க்கணும். விர்மயர்ல சாவரின் வாயைத் திறக்கும்போதுதான் அது சாரெனோட கப்பலே இல்லை, அதுவே உயிரினங்களை அழிக்கிற ரீப்பர் இயந்திர இனத்துல ஒண்ணுன்னு புரியும். இலோஸ் கிரகத்துல விஜில்ங்கற பழைய செயற்கை அறிவு சொல்றதைக் கேட்டதும், ஆட்டம் முழுக்க நாம நடமாடின சிட்டடல் விண்வெளி நிலையமே ஒரு பொறின்னு தெரிய வரும்.

2010ல வந்த ரெண்டாவது பாகத்துல என்ன இருக்கு? ஆள் சேர்ப்பு, ஆளுக்கொரு லாயல்டி மிஷன் (அவங்க விசுவாசத்தைச் சம்பாதிக்கிற பணி), கடைசியில ஒரு படையெடுப்பு. அந்தப் பாகத்து எதிரிகளான கலெக்டர்களை மொத்தமா உருவிட்டாலும் முதல் பாகத்துல இருந்து நேரா மூணாவதுக்குத் தாவலாம், ஒரு தையலும் பிரியாது.

நோவா:
கதை சரி தல, ஆனா கையில பிடிச்சு விளையாடணுமே. முதல் பாகத்துல பையில 150 பொருள்தான் வைக்க முடியும். நிறைஞ்சதும் உட்கார்ந்து ஒவ்வொண்ணா ஓம்னி ஜெல்லா உருக்கிட்டே இருக்கணும். ஸ்னைப்பர் திறமையில புள்ளி போடலைன்னா குறி பார்க்கும்போது துப்பாக்கி குடிகாரன் கை மாதிரி ஆடும். மூணையும் மெருகேத்தி வந்த 2021 லெஜெண்டரி பதிப்புல எந்த வகுப்பும் (வீரர் வகையும்) எந்த ஆயுதத்தையும் அபராதம் இல்லாம சுடலாம்னு மாத்தினதே பழைய முறை எவ்வளவு எரிச்சல் கொடுத்ததுங்கறதுக்கு அத்தாட்சி.

அதோட பொருளாதாரமும் உடைஞ்சு கிடக்கு. கையில பத்து லட்சம் கிரெடிட் (ஆட்டத்துக் காசு) சேர்ந்ததும் ஸ்பெக்டர்ங்கற உச்ச ரக ஆயுதம் விற்பனைக்கு வரும். ஸ்பெக்டர் ரைஃபிள்ல ஃபிரிக்‌ஷன்லெஸ் மெட்டீரியல்ஸ்ங்கற சூடு குறைக்கிற உதிரி ரெண்டைச் சொருகிட்டா துப்பாக்கி சூடாகிறதே அபூர்வம். சூடு அளவுதான் அந்த ஆட்டத்தோட ஒரே கடிவாளம், அதுவும் அறுந்துடுது. மீதி ஆட்டம் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறது மட்டும்தான்.

மாக்கோவாசி:
150 பொருள் விஷயத்துல வாதாட மாட்டேன், அது குப்பைதான். ஆனா பயோட்டிக் (மனசால பொருளைத் தூக்கி எறியற) சக்தியை நம்பற அடெப்ட் வகுப்பை எடுத்து விளையாடிப் பாருங்க. முதல் பாகத்துல ஒவ்வொரு சக்திக்கும் தனித்தனி காத்திருப்பு நேரம். லிஃப்ட், த்ரோ, சிங்குலாரிட்டி எல்லாத்தையும் அடுத்தடுத்து வீசலாம். எதிரிக்குக் கேடயம் இருந்தாலும் மேலே மிதப்பான். ரெண்டாவதுல எல்லாச் சக்திக்கும் சேர்த்து ஒரே காத்திருப்பு நேரம். இன்சானிட்டிங்கற உச்ச கடினத்துல எல்லா எதிரிக்கும் கேடயமோ கவசமோ பேரியரோ (பயோட்டிக் தடுப்பு) கொடுத்துட்டாங்க. அது உரியும் வரை புல், த்ரோ எதுவும் ஒட்டாது. பயோட்டிக் வீரன் கடைசியில கைத்துப்பாக்கிக்காரனா நிக்கறான். இதுக்குப் பேரு முன்னேற்றமா?

தெர்மல் கிளிப்:
அதனாலதான் கூட்டாளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும் சகோ. கேடயத்துக்கு ஓவர்லோட், கவசத்துக்கு இன்சினரேட், பேரியருக்கு வார்ப். இந்த மூணு சக்தியும் நம்ம மூணு பேருக்குள்ள இருந்தா போதும். அந்தக் கட்டாயம்தான் ரெண்டாவது பாகத்தை வியூகமா மாத்துது. முதல் பாகத்துல யாரைக் கூட்டிட்டுப் போனாலும் ஒண்ணுதான்.

"மையக் கதை இல்லை"ங்கற குற்றச்சாட்டுக்கு வரேன். கதை திரையில ஓடற காட்சியில இல்லை, கணக்குல இருக்கு. கடைசி மிஷனை எடுத்துக்குங்க. கப்பலுக்கு மூணு மேம்பாடு வேணும்: கவசம், கேடயம், தானிக்ஸ் பீரங்கி. ஒண்ணு விட்டாலும் போற வழியிலேயே ஒரு ஆள் காலி. கவசத்தை விட்டீங்கன்னா கூட்டாளி ஜாக். காற்றுக்குழாய்க்குள்ள டாலி, லீஜன், காசுமி மூணு பேர்ல ஒருத்தர் போகணும். பயோட்டிக் தடுப்புக் குமிழுக்கு ஜாக் அல்லது சமாரா. மிராண்டா "எந்த பயோட்டிக்காலயும் முடியும்"னு சொல்வாங்க, நம்பி அவங்களை அனுப்பினா கூட வந்த ஒருத்தர் திரும்ப மாட்டார்.

இதெல்லாம் சரியா செஞ்சாலும் ஆள் சாகும், ஏன்னு பலருக்குப் புரியறதில்லை. கடைசிச் சண்டைக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போறப்போ, பின்னால வாசலைக் காக்கிறவங்களோட பலத்தை ஆட்டம் சராசரி போடுது. விசுவாசமா இருந்தா கேரஸ், கிரன்ட், சயீதுக்கு 4. தேன், லீஜன், சமாரா, ஜேக்கப், மிராண்டாவுக்கு 2. ஜாக், காசுமி, டாலி, மோர்டினுக்கு 1. விசுவாசம் இல்லைன்னா ஒண்ணு குறையும். அஞ்சு பேருக்கு மேல காவல் நின்னா சராசரி 2 இருக்கணும்.

இப்போ பெரும்பாலானவங்க பண்ற தப்பைப் பாருங்க. பன்னிரண்டு பேரும் விசுவாசம். மீட்ட மாலுமிகளோட சயீதைத் திருப்பி அனுப்பறோம். பலசாலிங்கன்னு கேரஸையும் கிரன்டையும் நம்ம கூட வச்சுக்கறோம். மீதி ஒன்பது பேருக்கு 14 புள்ளி, சராசரி 1.56. ஒருத்தர் போயாகணும், சாவு வரிசையில முதல் பேர் மோர்டின். அதே ஒன்பது இடத்தை இப்படி மாத்துங்க: மோர்டினை மாலுமிகளோட அனுப்பிட்டு, டாலியையும் ஜாக்கையும் கூட வச்சுக்குங்க. 23 புள்ளி, சராசரி 2.56. ஒரு உயிரும் போகாது. பலவீனமானவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பலசாலியை வாசல்ல நிறுத்துங்கறதுதான் விடை. யோசிச்சா நியாயமும் அதுதான். ஒரு தலைவன் எப்படி யோசிக்கணுங்கறதை வசனமே இல்லாம ஆட்டம் சொல்லிடுது.

சிட்டடல் குருவி:
கணக்கு அழகாக இருக்கிறது நண்பரே, ஆனால் அது கடைசி ஒரு மணி நேரத்துக்கு மட்டும். அதே பாகத்தின் பேச்சுவார்த்தை முறையைப் பாருங்கள். முதல் பாகத்தில் வசீகரமும் மிரட்டலும் திறமைப் புள்ளி போட்டு வாங்க வேண்டியவை. விர்மயரில் நம்மை எதிர்த்து நிற்கும் கூட்டாளி ரெக்ஸைக் காப்பாற்ற அங்கே போட்ட புள்ளி துப்பாக்கிக்குப் போகாது. அந்த இழப்புதான் முடிவுக்கு எடை தருகிறது. (குடும்பக் கவசத்தை மீட்டுக் கொடுத்திருந்தால் புள்ளி இல்லாமலும் அவரைச் சமாதானப்படுத்தலாம்.) இரண்டாவதில் இதுவரை போன இடங்களில் கிடைத்திருக்கக்கூடிய பாராகன் (நல்லவர்) புள்ளிகளில் எத்தனை பங்கு எடுத்தோம் என்ற விகிதத்தை வைத்துக் கதவு திறக்கிறது. ஒருவரிடம் இரக்கம், இன்னொருவரிடம் கடுமை என்று மனிதனைப் போல நடந்துகொண்டால் ஜாக், மிராண்டா சண்டையில் இருவரையும் தக்கவைக்கும் வசனம் மங்கிப்போய்க் கிடக்கும். ஒன்று முழுப் புனிதன், இல்லையென்றால் முழு முரடன். கதாபாத்திர ஆட்டத்தில் இதைவிடப் பெரிய பிழை இருக்க முடியாது. மூன்றாவது பாகம் இரண்டையும் ஒரே நற்பெயர்க் கணக்கில் சேர்த்து இதைச் சரிசெய்தது. அந்தப் பெருமையை யாரும் கொடுப்பதில்லை.

நோவா:
அப்படிச் சொல்லுங்க. சண்டையிலும் மூணாவதுதான் ராஜா. ஒவ்வொரு சக்திக்கும் ஆறு படி, கடைசி மூணு படியிலும் ரெண்டு கிளை. துப்பாக்கிக்கு எடை வச்சாங்க, அதுதான் பெரிய விஷயம். லேசான ஒரு கைத்துப்பாக்கியோட போனா காத்திருப்பு வேகம் +200% வரை ஏறும், 10 வினாடி மூணே சொச்சமா சுருங்கும். வேன்கார்டு வகுப்புல சார்ஜ்ங்கற பாய்ச்சலை அடிச்சு பேரியரை நிரப்பி, நோவாங்கற வெடிப்புச் சக்தியில அதைச் செலவழிச்சு, திரும்ப சார்ஜ். அஞ்சு துப்பாக்கியைச் சுமந்துட்டு "சார்ஜ் வரவே மாட்டேங்குது"ன்னு புலம்பறவங்க முதல்ல எடையைப் பாருங்க. பேரியர் நிரம்பாம நோவா அடிச்சு நிக்கறதுதான் சாவுக்குக் காரணம்.

மாக்கோவாசி:
சண்டையை விட்டுக் கொடுத்துடறேன். கதை? அஞ்சு வருஷமா நம்ம முடிவுகள் இருக்கிற சேமிப்புக் கோப்பைச் சுமந்து வந்ததுக்கு என்ன மரியாதை? முதல் பாகத்துல ஆண்டர்சனை மனிதர்களோட கவுன்சிலர் ஆக்கினாலும் மூணாவதுல நாற்காலியில உதினாதான் உட்கார்ந்திருக்கார். நோவேரியாவுல ராச்னிங்கற பூச்சி இனத்து ராணியைக் கொன்னா ரீப்பர்கள் செயற்கையா ஒண்ணு செஞ்சு அதே மிஷனை நடத்துது. கடைசியில எல்லாத்தையும் போர்ச் சொத்துன்னு ஒரு எண்ணாக்கிட்டாங்க. 2012ல அசல் ஆட்டத்துல மல்டிபிளேயர் பக்கமே போகாதவங்களுக்கு அந்த எண்ணும் பாதியாத்தான் கணக்காகும். அந்த ஜூன்ல நீட்டிச்ச முடிவு வந்தப்புறம்தான் ஷெப்பர்ட் மூச்சு விடற காட்சிக்குத் தேவையான எண் 3100ஆ இறங்கிச்சு.

தெர்மல் கிளிப்:
ராச்னி விஷயத்துல பாதிதான் சொல்றீங்க. அந்தச் செயற்கை ராணியை நம்பிக் காப்பாத்தினா பின்னால முதுகுல குத்தும். பழைய ராணின்னா குத்தாது. மிஷன் ஒண்ணுதான், விலை வேற. மோர்டின் ரெண்டாவதுல செத்துட்டா மூணாவதுல டுச்சங்கா கிரகத்துல கோபுரம் ஏறறது பாடோக் விக்ஸ்ங்கற இன்னொரு விஞ்ஞானி. அவரும் நல்லாத்தான் செய்வார், ஆனா மோர்டின் பாட்டு முணுமுணுக்கிற அந்தக் காட்சி கிடைக்காது. மேல நான் போட்ட 1.56 சராசரிக்கான தண்டனை ரெண்டு வருஷம் கழிச்சு அங்க வந்து விழுது.

சிட்டடல் குருவி:
மூன்றாவது பாகத்தின் ரன்னாக் போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குவாரியன் இனம், அவர்கள் உருவாக்கிய கெத் இயந்திரங்கள் இரண்டையும் காப்பாற்ற, குவாரியனான டாலியும் கெத்தான லீஜனும் உயிரோடு வந்திருக்க வேண்டும், நற்பெயரும் போதுமான அளவு வேண்டும். அதற்கு மேல் ஒரு மறைமுகக் கணக்கு: 7ல் 5 புள்ளி. இரண்டாவது பாகத்தில், ரீப்பர் பக்கம் சாய்ந்த கெத் பிரிவினரை அழித்திருந்தால் 2, டாலி நாடுகடத்தப்படாமல் இருந்தால் 2, டாலி–லீஜன் சண்டையைத் தீர்த்திருந்தால் 1. மூன்றாவதில் கெத் போர்விமானப் படை மிஷனுக்கு 1, குவாரியன் அட்மிரல் கோரிஸைக் காப்பாற்றினால் 1.

மாக்கோவாசி:
பிரிவினரை அழிச்சா புள்ளியா? அவங்க நிரலைத் திருத்தி எழுதறதுதானே இரக்கமான வழி?

சிட்டடல் குருவி:
திருத்தி எழுதினால் கெத் எண்ணிக்கை கூடும், குவாரியன்கள் மேலும் அடிவாங்குவார்கள். அதனால் புள்ளி பூஜ்யம். மீதி எல்லாம் சரியாக இருந்தால் மிகச் சரியாக 5 வரும். அந்த நிலையில் கோரிஸ் வானொலியில் "என்னை விடுங்கள், என் ஆட்களைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்கிறார். அவர் சொல்லைக் கேட்டால் 4. இரண்டு மிஷன் தள்ளி, சமாதான வசனம் தேர்வுக்கே வராது.

மாக்கோவாசி:
அதைத்தான் நானும் சொல்றேன். ரெக்ஸ் விஷயத்துல எந்தப் புள்ளி குறைஞ்சதுன்னு ஆடுறவனுக்கே தெரியும். இங்க இணையத்துல அட்டவணை பார்த்தாத்தான் தெரியுது.

தெர்மல் கிளிப்:
அட்டவணை பார்க்காம கோரிஸ் பேச்சைக் கேட்டு, ஒரு இனம் மொத்தமா அழியறதை நின்னு பார்க்கிறவனுக்குத்தான் தல அந்தக் காட்சியை எழுதியிருக்காங்க.