மானிடவியல் – உலகளாவிய சுகாதாரத் துறையின் சாதனையை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

வெண்பனி:

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம் முடித்திருக்கிறேன். மானிடவியலையும் உலகளாவிய சுகாதாரத்தையும் ஒரே துறையாக நடத்தும் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். அத்துறைகளின் ஆண்டறிக்கைகளைப் படித்தால் எத்தனை ஆய்வுக்கட்டுரைகள், எவ்வளவு நல்கை, யாருக்கு விருது என்ற விவரங்கள் கிடைக்கின்றனவே தவிர, அந்த ஆய்வுகளால் நோயாளிகளுக்கு என்ன பயன் விளைந்தது என்பது விளங்கவில்லை. தடுப்பூசி ஆய்வகம் தடுப்பூசியைக் காட்டலாம். ஒரு சமூகத்தோடு நெடுநாள் தங்கி, அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதும் ஆய்வாளர் எதைக் காட்டுவார்? மருத்துவத்துக்கு மானிடவியல் உண்மையாகவே கைகொடுத்த சான்றுகளை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கூர்நோக்கு:

என்னைக் கேட்டால், தாங்கள் முதலில் படிக்க வேண்டியது கூரு நோயின் வரலாறுதான். பாப்புவா நியூ கினியின் கிழக்கு மேட்டுநிலத்தில் வாழும் ஃபோரே மக்களிடையே, தள்ளாட்டத்தில் தொடங்கி, உடல் நடுக்கமாக முற்றி, உயிரைப் பறித்த இந்நோய் 1957இல் மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டது. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துப் பலரைத் தாக்கியதால், இது மரபுவழி நோய் என்ற கருத்தே அப்போது வலுவாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அங்கே தங்கிய மானிடவியலாளர்கள் ஷெர்லி லிண்டன்பாமும் ராபர்ட் கிளாஸும் யார் யாருக்கு என்ன உறவு, ஒவ்வோர் ஊரிலும் கூருவால் முதலில் இறந்தவர் யார், அது எந்தத் தலைமுறையில் நிகழ்ந்தது என்று பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்தார்கள். ஃபோரே மக்கள் உறவினர் என்று சொன்னவர்களில் பலர் இரத்த உறவினர் அல்லர் என்பதும், முதியவர்களின் நினைவுக்கு எட்டிய காலத்துக்குள்தான் நோய் ஊர் ஊராகப் பரவியது என்பதும் தெரியவந்தபோது மரபுவழிக் கருத்து ஆட்டம் கண்டது. இறந்தவரின் உடலை உண்ணும் ஈமச்சடங்கில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதியாகப் பங்கேற்றார்கள். நோயும் அவர்களையே மிகுதியாகத் தாக்கியிருந்தது. எனவே அச்சடங்கின் வழியாகவே நோய் பரவியது என்ற விளக்கம் வலுப்பெற்றது. கூரு தொற்றக்கூடியது என்பது 1966இல் சிம்பன்சிகளைக் கொண்டு மெய்ப்பிக்கப்பட்டது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கார்ல்டன் கஜ்டுசெக் 1976இல் நோபல் பரிசு பெற்றார். பரிசுப் பட்டியலில் அந்த மானிடவியலாளர்களின் பெயர் இல்லை. தாங்கள் ஆண்டறிக்கையில் தேடும் பயன் கண்ணுக்குத் தென்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிற்காலச் சான்று ஒன்றும் உண்டு. உகாண்டாவின் குலுவில் 2000–2001இல் எபோலா பரவி, 425 பேரைத் தாக்கி, 224 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அங்கே பணியாற்றிய மானிடவியலாளர் பாரி ஹியூலெட், அப்பகுதியில் வாழும் அச்சோலி மக்களிடம் கொள்ளைநோய்க்கென்றே பழைய விதிமுறைகள் இருந்ததைப் பதிவு செய்தார். நோயாளியைத் தனி வீட்டில் வைப்பார்கள். அந்நோயிலிருந்து பிழைத்தவரே அவரைக் கவனித்துக்கொள்வார். வாசலின் இருபுறமும் நெடிய யானைப்புல் தண்டுகளை நட்டு, உள்ளே நோய் இருப்பதை ஊருக்கு அறிவிப்பார்கள். மருத்துவக் குழு கற்பிக்க வந்தவற்றுள் பல அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. இதைக் கேட்டறிவதும் நோய்த்தடுப்புப் பணிதான் என்பது என் உறுதியான கருத்து.

நெய்தல்:

கூர்நோக்கு அவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு, மக்களின் நம்பிக்கையை அறிவதே இத்துறையின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. சிகிச்சை பலிக்காதபோதெல்லாம் பண்பாட்டின் மீது பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் போக்கு மருத்துவ உலகில் நெடுங்காலமாக உண்டு. அதைத் தகர்த்ததைத்தான் நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

மருத்துவரும் மானிடவியலாளருமான பால் ஃபார்மர், ஹெய்ட்டியின் கிராமப்புறத்தில் காசநோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார். ஒரு குழுவுக்கு இலவச மருந்து மட்டும் கிடைத்தது; மற்றொன்றுக்கு மருந்தோடு மாத உதவித்தொகையும், ஊட்டச்சத்தும், சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடும் கிடைத்தன. இரண்டாம் குழுவில் அனைவரும் குணமடைந்தார்கள். முதல் குழுவிலோ ஏறத்தாழப் பாதிப் பேரே குணமடைந்தார்கள். நோய்க்குக் காரணம் சூனியம் என்று நம்பியவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் மருந்தைத் தவறாமல் உட்கொள்வதில் வேறுபாடு தென்படவில்லை. நோயாளியைத் தடுத்தது அவருடைய நம்பிக்கை அன்று, வறுமை. இந்த முடிவு, மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர் என்று நோயாளியைக் குறைகூறும் வழக்கத்தின் அடித்தளத்தையே கேள்விக்கு உள்ளாக்கியது.

களப்பதிவு:

இருவர் சொன்னதும் சரியே. விண்ணப்பிக்கும் நோக்கில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஆண்டறிக்கையின் முதல் பக்கங்களை விட்டுவிட்டு, அத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். களத்தில் எவ்வளவு காலம் தங்கினார்கள், அம்மக்களின் மொழியைக் கற்றார்களா அல்லது மொழிபெயர்ப்பாளரை மட்டுமே நம்பினார்களா, உள்ளூர் ஆய்வாளர்களின் பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்கிறதா அல்லது நன்றியுரையோடு நின்றுவிட்டதா என்பவை துறையின் தரத்தைக் காட்டிவிடும்.

அறநெறியையும் பாருங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுப்பாய் பழங்குடியினரிடம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் 1990களில் நீரிழிவு ஆய்வுக்கெனப் பெறப்பட்ட இரத்த மாதிரிகள், அவர்கள் அறியாமலே மனச்சிதைவு நோய், இடப்பெயர்வு வரலாறு முதலிய வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டன. அவர்கள் தொடுத்த வழக்கு 2010இல் சமரசத்தில் முடிந்து, அப்பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் வழங்கி, எஞ்சிய மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் பழங்குடியினரான சான் மக்கள் 2017இல், தங்களை ஆராய வருவோருக்கெனத் தாங்களே ஓர் அறநெறிக் கோவையை வெளியிட்டார்கள். இத்தகைய நிகழ்வுகளைப் பாடத்திட்டத்தில் வெளிப்படையாக விவாதிக்கும் துறையை நான் முன்னிலையில் வைப்பேன்.

வெண்பனி:

மூவருக்கும் நன்றி. ஆய்வேடுகளைத் தேடிப் படிக்கத் தொடங்குகிறேன். ஓர் ஐயம் மட்டும் எஞ்சியுள்ளது. புள்ளியியல் பயிற்சியோடு வரும் என்னைப் போன்றவர்களுக்கு இத்துறையில் இடம் உண்டா?

நெய்தல்:

கட்டாயம் உண்டு. ஹெய்ட்டி ஆய்வில் இரு குழுக்களையும் ஒப்பிட்டு முடிவைக் காட்டியது எண்ணிக்கைதான். ஆனால் எதை எண்ண வேண்டும் என்பது நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் வந்தவர்களுக்கே தெரிந்திருந்தது. நேர்காணல் முறைகளையும் புள்ளியியலையும் ஒரே பருவத்தில் சேர்த்துக் கற்பிக்கிறார்களா என்று விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறைக்கு எழுதிக் கேளுங்கள்.