மறுமொழி: அப்பாப்டோசிஸ் – ‘செல் உதிர்வு’ வேண்டாம், ‘வீவு’ எனலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம். செல் திட்டமிட்டபடி தன்னையே ஒழுங்காக மடித்துக்கொள்வதை அப்பாப்டோசிஸ் என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘செல் உதிர்வு’ என்றே வைத்துவிடலாம். கிரேக்க மூலமும் அதுதானே?

மூலம் அதுதான். 1972இல் கெர், வைலி, கர்ரி என்ற நோயியலாளர் மூவரும் தங்கள் கட்டுரையில் ‘அப்பாப்டோசிஸ்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எடுத்துக்கொடுத்தவர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். பூவிதழும் இலையும் உதிர்வது என்று பொருள்.

ஆனால் சொரியாசிஸ் என்ற தோல்நோய் பற்றி எழுதும்போது இது காலை வாரிவிடும். அந்நோயில் கண்ணுக்குத் தெரிவதே செதில் உதிர்வு. ஒரு மாத வாக்கில் மேலேறி உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாள்களிலேயே வந்து குவிகின்றன. அதே செல்கள் அப்பாப்டோசிஸுக்கு எளிதில் ஆட்படுவதும் இல்லை. ‘செதில் உதிர்வு கூடி, செல் உதிர்வு குறைந்தது’ என்றால் யாருக்கு விளங்கும்?

> அப்படியானால் பொதுவாகச் ‘செல் இறப்பு’ போதுமே?

ஹெபடைடிஸ் பி, சி என்ற கல்லீரல் வைரஸ் தொற்றுகள் என்று வந்தால் போதாது. தொற்றுக்குள்ளான கல்லீரல் செல்லை எதிர்ப்பணுக்கள் தூண்டி ஒழுங்காக மடியவைப்பது ஒரு வகை. செல் வீங்கி வெடிப்பது வேறு. சைட்டோகெரட்டின்-18 என்ற புரதத்தை, அப்பாப்டோசிஸை நடத்தும் காஸ்பேஸ் நொதி நறுக்கும்போது வரும் துண்டை எம்30 சோதனை அளக்கிறது. அது முதல் வகையின் அடையாளம். எம்65 நறுக்குப்படாத புரதத்தையும் சேர்த்து அளக்கும். இரண்டையும் ‘செல் இறப்புக் குறிப்பான்’ என்றால் சோதனையின் பயனே போயிற்று. இப்புரதம் கல்லீரல் செல்லில் நிறைய உண்டு, இயல்பான மேல்தோல் செல்களில் பெரும்பாலும் கிடையாது. ஆகவே சொரியாசிஸ் நோயாளியின் ரத்தத்தில் அது கூடினால், தோல்நோயின் தீவிரத்தைச் சொல்லும் பாசி (PASI) மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், கல்லீரலையும் பார்த்தாக வேண்டும். சொரியாசிஸுக்குத் தரப்படும், கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மெத்தோட்ரெக்சேட் மருந்தை எடுப்பவருக்கு இது இன்னும் முக்கியம்.

என் பரிந்துரை ‘வீவு’. வீ என்றால் பூ, உதிர்ந்த பூவும் அதுவே. வீதல் என்றால் இறத்தல். கிரேக்கர் உவமையாகச் சொன்னதைத் தமிழ் ஒரே வேரில் வைத்திருக்கிறது! செல் வீங்கி வெடிக்கும் நெக்ரோசிஸுக்கு ‘நசிவு’ ஏற்கெனவே புழங்குகிறது. வீவுக் குறிப்பான், வீவுத் தடை, வீந்த செல் என்று கிளைக்கவும் வசதி.

> பழஞ்சொல், நோயாளிக்குப் புரியாதே?

நோயாளிக்கான துண்டறிக்கையில் இச்சொல்லே வேண்டாம். சொரியாசிஸுக்கு டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்து தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனை ஏன் என்றால், அடங்கிக் கிடக்கும் வைரஸ் மீண்டும் பெருகலாம் என்று எழுதினால் போதும். வீவு மாணவருக்கும் கட்டுரையாளருக்கும்.

நெக்ரோப்டோசிஸ் என்ற மூன்றாவது வகைதான் இடிக்கிறது. காஸ்பேஸ் இல்லாமலே நடப்பது, ஆனால் செல்லே திட்டமிட்டு நடத்துவது, முடிவோ நசிவு. ‘முறைநசிவு’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. வேறு சொல் இருந்தால் அனுப்புங்கள்.